சீகன்பால்கு என்ற பெயருக்குள் இருக்கும் துருத்தி

தரங்கம்பாடிக்கு வந்த ஜெர்மன் லூத்தரன் மறைப்பணியாளர் சீகன்பால்கு ஐயரின் பெயருக்கு ஜெர்மன் மொழியில் என்ன பொருள் என்று கேட்டிருக்கிறீர்கள். 'ஆட்டுக்குட்டிப் பயல்' என்று யாரோ சொன்னார்களாம். அது வசைப்பெயரா, ட்ஸீக்ளர் என்ற பெயருக்கும் இதற்கும் உறவு உண்டா, அவரோடு வந்த மற்றவர்களின் பெயர்களுக்கும் பொருள் உண்டா என்பது மீதிக் கேள்விகள்.

முதலில் நேர்ப் பதில். அது வசை இல்லை. 'ட்ஸீகெ' என்றால் வெள்ளாடு. 'பல்க்' என்றால் கிழிக்காமல் முழுதாகக் கழற்றிய தோல். நடுவில் வரும் 'ன்' இரண்டு சொற்களையும் சேர்க்கும் சாரியை. ஆக, ட்ஸீகன்பல்க் என்றால் வெள்ளாட்டுத் தோல். இன்னும் சரியாகச் சொன்னால் ஆட்டுத்தோல் துருத்தி. ஏன் துருத்தி என்கிறேன் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

உச்சரிப்பை முடித்துவிடுவோம். ஜெர்மன் எழுத்தில் இந்தப் பெயரின் முதல் ஒலி 'ட்ஸ்'. தமிழில் சொல்லுக்கு முதலில் அந்த ஒலி வராது என்பதால் 'சீ' ஆயிற்று. கடைசி ஒலி எழுத்தில் மெலிந்த 'க்', ஆனால் சொல்லின் இறுதியில் வருவதால் வாயில் வல்லொலியாகிவிடும். நாம் அதன் பின்னால் ஒரு உகரத்தைப் போட்டுப் 'பால்கு' ஆக்கிக்கொண்டோம். உண்மையில் அங்கே 'ப' குறில். நெடிலாக எழுதி எழுதி, நம் கண்ணுக்கு அந்தப் பெயரில் பால் தெரிகிறது. ஆடும் பாலும் சேர்ந்திருப்பதால் பொருத்தமாகத் தோன்றினாலும், அந்தப் பெயரில் பால் கிடையாது.

இனி ஆட்டுக்கு வருவோம். இங்கே சுவையான செய்தி ஒன்று இருக்கிறது. ஜெர்மன் மொழியில் வெள்ளாட்டுக்கு இரண்டு சொற்கள். தெற்கிலும் தென்மேற்கிலும் 'கைஸ்'. இது ஆங்கில 'கோட்'டின் நேர் உடன்பிறப்பு. நடுப்பகுதியிலும் கிழக்கிலும் 'ட்ஸீகெ'. இன்று பாடப்புத்தகத்தில் இருப்பது ட்ஸீகெ. கிழக்கத்திச் சொல் பொதுச்சொல் ஆனதில் மார்ட்டின் லூதருக்குப் பெரிய பங்கு உண்டு. அவர் புதிய ஏற்பாட்டை ஜெர்மனில் மொழிபெயர்த்து 1522இல் வெளியிட்டபோது தம் பகுதியில் வழங்கிய சொற்களையே போட்டார். தெற்கே பாசெல் நகரத்தில் அதை மறுபதிப்புச் செய்த ஆடம் பெட்ரி என்ற அச்சகக்காரருக்கு, தம் ஊர் வாசகர்களுக்கு லூதரின் சொற்கள் பல விளங்காது என்று பட்டது. 1523இல் ஒரு சொற்பட்டியலை அச்சிட்டு நூலோடு சேர்த்தார். அந்தப் பட்டியலில் விளக்கம் தேவைப்பட்ட சொற்களில் ஒன்று 'ட்ஸீகன்ஃபெல்', அதாவது வெள்ளாட்டுத் தோல். அதற்கு எதிரே 'கைஸ்ஃபெல்' என்று தெற்கத்திச் சொல்லைப் போட்டார். எபிரெயர் நிருபத்தில் 'வெள்ளாட்டுத் தோல்களையும் போர்த்துக்கொண்டு திரிந்து' என்று வருமே, அந்த இடத்துச் சொல் அது.

நாம் பேசுகிற மனிதர் 1682இல் பிறந்த ஊர் புல்ஸ்னிட்ஸ். சாக்சனியின் கிழக்கே, மேல் லவுசிட்ஸ் பகுதியில் இருக்கும் சிறு நகரம். கிழக்கு நடு ஜெர்மன் பேசும் நிலம். அங்கே பிறந்த பெயர் ட்ஸீகெயில்தான் தொடங்க முடியும். இதே பொருளில் தெற்கே சுவாபியாவிலோ பவேரியாவிலோ ஒரு பெயர் முளைத்திருந்தால் அது கைஸ் என்று தொடங்கியிருக்கும். பெயரைப் பார்த்தே ஊரின் திசையைச் சொல்லிவிடலாம் என்பது எனக்கு எப்போதும் வியப்புத் தரும் விஷயம். (ஊர்ப்பெயரான புல்ஸ்னிட்ஸ் ஜெர்மன் சொல்லே அல்ல. 'இட்ஸ்' என்ற அந்த விகுதி ஸ்லாவியம். அந்தப் பகுதியின் பழங்குடிகளான சோர்பியர்களின் மொழியிலிருந்து வந்தது.)

ட்ஸீகெக்கு ஆங்கிலத்தில் உறவே இல்லையா என்றால், இருந்தது, செத்துவிட்டது. பழைய ஆங்கிலத்தில் ஆட்டுக்குட்டிக்குத் 'டிக்கென்' என்று பெயர். சசெக்ஸில் டைஸ்ஹர்ஸ்ட் என்ற ஊரின் பெயரில் மட்டும் அது இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆங்கிலத்தில் 'ட்' இருக்கும் இடத்தில் ஜெர்மனில் 'ட்ஸ்' வருவது ஒழுங்கான மாற்றம்: பத்துக்கு 'டென்', ஜெர்மனில் 'ட்ஸேன்', நாக்குக்கு 'டங்', ஜெர்மனில் 'ட்ஸுங்கெ'. இன்றைய ஜெர்மனில் ஆட்டுக்குட்டிக்கு 'ட்ஸிக்லைன்' என்றும் 'கிட்ஸ்' என்றும் பெயர். இதை நினைவில் வையுங்கள், 'ஆட்டுக்குட்டிப் பயல்' விவகாரத்துக்கு வேண்டும்.

இப்போது பல்க். தோலைக் குறிக்க ஜெர்மனில் பல சொற்கள். மனிதத் தோல் 'ஹவுட்'. உரித்து விரித்த ரோமத் தோல் 'ஃபெல்'. பதனிட்டது 'லேடர்'. இவற்றிலிருந்து பல்க் எங்கே வேறுபடுகிறது என்பதை அகராதி பார்த்துப் புரிந்துகொள்வதைவிட ஆட்டுக்கறிக் கடையில் புரிந்துகொள்வது எளிது. சிறு வயதில் எங்கள் தெருமுனைக் கடையில் நின்று பார்த்திருக்கிறேன். அறுத்த ஆட்டின் பின்னங்காலில் ஒரு சிறு கீறல் போடுவார். அதில் வாயை வைத்து ஊதுவார். தோலுக்கும் சதைக்கும் நடுவே காற்று ஓடி, ஆடு உருண்டையாக உப்பும். பிறகு தலைகீழாகத் தொங்கவிட்டு, முஷ்டியை உள்ளே கொடுத்துத் தள்ளித் தள்ளி, ஈரச் சட்டையைக் கழற்றுவதுபோல முழுத் தோலையும் கழற்றுவார். வயிற்றுப் பக்கம் பிளக்காமல் அப்படிக் கழற்றினால் கையில் வருவது விரிப்பு அல்ல, ஒரு பை. கால்களையும் கழுத்தையும் கட்டினால் தண்ணீர் பிடிக்கலாம். ஒரு முனையில் குழாயைச் செருகினால் காற்று ஊதலாம். அதுதான் பல்க்.

அந்தப் பையைக் கொல்லுப்பட்டறையில் வைத்தால் 'பிளாஸெபல்க்', ஊதும் பல்க். தமிழில் துருத்தி. நம் சொல்லும் இதே இரண்டு வேலையைச் செய்கிறது என்பதைக் கவனியுங்கள். கொல்லர் உலையில் காற்று ஊதுவதும் துருத்தி, தண்ணீரோ ரசமோ வைக்கும் தோல்பையும் துருத்தி. இன்று வழங்கும் தமிழ் விவிலியத்தில் புதுத் திராட்சரசத்தைப் பழந்துருத்திகளில் வார்த்துவைக்கக் கூடாது என்று வருவது இந்தப் பையைத்தான். சங்க காலத்தில் உலைத்துருத்திக்கு 'மிதிதோல்' என்றே பெயர். ஏழு ஊர்களுக்குப் பொதுவான வேலைக்கு ஓர் ஊரில் அமைத்த உலையின் மிதிதோல்போல என் நெஞ்சு ஓய்வில்லாமல் வருந்துகிறது என்று குறுந்தொகையில் 172ஆம் பாட்டு சொல்லும். கருவிக்கே 'தோல்' என்று பெயர் வைத்துவிடும் பழக்கம் இரு மொழியிலும் தனித்தனியாக வந்திருக்கிறது. 'ஆட்டுத்தோல்' என்று தட்டையாக மொழிபெயர்த்தால் ஃபெல்லுக்குச் சரி, பல்க்குக்குப் போதாது என்று நான் சொல்வது இதனால்தான்.

பல்க்கின் வேர், மொழியியலார் மீட்டெடுத்திருக்கும் இந்தோ-ஐரோப்பிய மூலத்தில், 'உப்புதல், வீங்குதல்' என்ற பொருளுடையது. அந்த ஆட்டை ஊதும் காட்சியை நினைத்தால் வேர் கண்முன் தெரியும். இந்த வேரிலிருந்து கிளைத்தவை ஏராளம். ஆங்கிலத்தில் வயிற்றைக் குறிக்கும் 'பெல்லி', துருத்தியைக் குறிக்கும் 'பெல்லோஸ்' இரண்டும் ஒரே பழைய சொல்லின் இரண்டு வடிவங்கள். அதே வேரில் வந்த தோல்பைக்கான, இன்றைய பிரான்ஸ் பகுதியில் வழங்கிய பழைய கெல்டியச் சொல்லை லத்தீன் 'புல்கா' என்று எடுத்துக்கொண்டது. அது பிரெஞ்சில் 'பூஜ்' ஆகி, சின்னப் பை 'பூஜெட்' ஆகி, ஆங்கிலத்தில் 'பட்ஜெட்' ஆயிற்று. பட்ஜெட் என்றால் முதலில் தோல்பை. பிறகு அதற்குள் இருந்த கணக்கு. நம் நிதியமைச்சர்கள் 2019 வரை தோல்பெட்டியோடு நாடாளுமன்றத்துக்கு வந்தார்களே, அந்தப் பெட்டிதான் சொல்லின் பழைய பொருள். அந்த ஆண்டு ஜூலையில் நிர்மலா சீதாராமன் அதைச் சிவப்புத் துணிப்பொதியாக மாற்றினார். சமஸ்கிருதத்தில் தலையணையைக் குறிக்கும் 'உபபர்ஹணம்' என்ற சொல்லையும் இந்தக் குடும்பத்தில்தான் சேர்க்கிறார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. தமிழில் 'பல்குதல்' என்றால் பெருகுதல். பல்க் என்ற சொல்லின் வேர்ப்பொருள் வீங்குதல். ஒலியும் பொருளும் பக்கத்தில் நிற்பதைப் பார்த்து 'ஜெர்மன் பெயரே தமிழ்தான்' என்று எழுத யாருக்காவது கை பரபரக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். நம் பல்கு 'பல்' என்ற எண்ணிக்கைச் சொல்லின் வழி வந்தது: பல, பன்மை, பலர் எல்லாம் அதன் உறவு. ஜெர்மன் சொல்லோ மேலே சொன்ன வேறொரு குடும்பம். இரண்டும் தெருவில் எதிர்ப்பட்ட அந்நியர்கள். தமிழின் பழமைக்கு இந்த மாதிரிச் சான்று தேவையே இல்லை.

ஜெர்மனில் இந்தச் சொல் இன்றும் எங்கெல்லாம் உயிரோடு இருக்கிறது தெரியுமா? அக்கார்டியனின் மடிப்புப் பையும் தேவாலய ஆர்கனுக்குக் காற்று தரும் பையும் பல்க்தான். வேட்டைக்காரர்கள் நரித்தோலைப் பல்க் என்பார்கள். மான்தோலை அப்படிச் சொல்ல மாட்டார்கள். அருங்காட்சியகத்தில் பஞ்சடைத்துப் பாதுகாக்கும் பறவைத்தோலும் பல்க். தலைமுடியின் வேரைச் சுற்றியிருக்கும் சிறு பை 'ஹார்பல்க்'. ஒரே பக்கம் வெடித்துத் திறக்கும் காய்க்கு 'பல்க்ஃப்ருக்ட்', பைக்காய் என்று பெயர். நம் எருக்கங்காய் அந்த வகை. உப்பியிருக்கும் எருக்கங்காயைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்கு ஏன் அந்தப் பெயர் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்போது 'பயல்'. பேச்சு ஜெர்மனில் அடங்காத குழந்தையைப் பல்க் என்று திட்டுவதுண்டு. தோல், பிறகு உடம்பு, பிறகு வயிறு, பிறகு பிள்ளை என்று பொருள் நகர்ந்திருக்கிறது. 'வெக்ஸெல்பல்க்' என்றால் பேய்கள் தொட்டிலில் மாற்றி வைத்துவிட்டுப் போனதாக நம்பிய பிள்ளை. உங்களிடம் 'ஆட்டுக்குட்டிப் பயல்' என்று சொன்னவர் இந்தப் பொருளைக் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். ஆனால் விலங்கின் பெயரோடு சேரும்போது பல்க் என்பது அதன் தோலைத்தான் குறிக்கும். ஆட்டின் பிள்ளைக்குத்தான் ஏற்கெனவே சொன்ன ட்ஸிக்லைனும் கிட்ஸும் இருக்கின்றனவே.

தோல்பை எப்படிக் குடும்பப் பெயராயிற்று? ஜெர்மன் நகரங்கள் பெருத்த 12ஆம் நூற்றாண்டு முதலே ஒரே ஊரில் பத்து ஹான்ஸ், பதினைந்து கொன்ராட் என்று ஆகி, அடையாளத்துக்கு இன்னொரு பெயர் தேவைப்பட்டது. தகப்பன் பெயர், ஊர், வீடிருந்த இடம், தொழில், பட்டப்பெயர் என்று ஐந்து வழியில் அது வந்தது. இவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது, தொழிலாளியைத் தொழிலின் பெயரால் அழைக்காமல் அவர் கையிலிருந்த பொருளால் அழைத்த வகை. ஆணி அடிக்கும் கொல்லருக்கு 'நாகெல்', ஆணி. செருப்புத் தைப்பவர் வேலையை முழங்காலோடு இறுக்கிக் கட்டும் வாருக்கு 'க்னீரீம்', அதுவே அவர் பெயர். ட்ஸீகன்பல்க் இந்த வகையைச் சேர்ந்தது. ஆட்டுத்தோல் வாங்கி விற்றவரோ, அதைப் பதனிட்டவரோ, அதை உடுத்தித் திரிந்தவரோ ஒருவரை ஊரார் அந்தப் பொருளால் குறித்திருக்கிறார்கள். இதே வரிசையில் ட்ஸீகன்ஃபூஸ், ட்ஸீகன்பைன், ட்ஸீகன்ஹார்ன் என்று ஆட்டின் பாதம், கால், கொம்பு எல்லாமே குடும்பப் பெயர்களாக இன்றும் இருக்கின்றன. மாட்டிறைச்சி என்று பொருள்படும் ரிண்ட்ஃப்ளைஷும் உண்டு.

இதைக் கேட்டதும் நம் ஊரில் சிலருக்கு முகம் சுருங்குவதைப் பார்த்திருக்கிறேன். தோல் என்றதும் இங்கே வந்து விழும் எண்ணங்களை அந்தப் பெயரின்மேல் ஏற்றிவிடுகிறார்கள். தோல் பதனிடும் 'கெர்பர்', படிகாரத்தால் வெள்ளையாகப் பதனிடும் 'வைஸ்கெர்பர்', தோல்காரர் 'லேடரர்', ரோம உடை தைக்கும் 'கியூர்ஷ்னர்' எல்லாருமே ஜெர்மன் நகரங்களில் தொழிற்சங்கம் வைத்து மதிப்போடு வாழ்ந்தவர்கள். செத்த விலங்கை அப்புறப்படுத்துபவரைத் தள்ளிவைத்த கொடுமை அங்கேயும் இருந்தது, மறைக்க வேண்டாம். ஆனால் கெர்பர் என்ற பெயரை இன்று எந்த ஜெர்மானியரும் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை. உழைப்பைச் சொல்லும் பெயர் அது. நம் முகச்சுளிப்புக்கு அந்தப் பெயர் பொறுப்பாகாது.

குடும்பப் பெயர் நிலைத்துப்போன பிறகு தொழில் மாறிக்கொண்டே போகும். சீகன்பால்குவின் தந்தை தானிய வியாபாரி. பெயர் சொல்வது அவரை அல்ல, எத்தனையோ தலைமுறைக்கு முந்தைய ஒருவரை.

ட்ஸீக்ளருக்கும் இதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'ட்ஸீகெல்' என்றால் செங்கல் அல்லது ஓடு, லத்தீன் 'டேகுலா'விலிருந்து வந்தது. ட்ஸீக்ளர் செங்கல் சூளைக்காரர்.

தரங்கம்பாடி வழியாக நம்மிடம் வந்த மற்றப் பெயர்களைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். சீகன்பால்கு 1706 ஜூலையில் ஹைன்ரிஷ் புளூட்சாவோடு வந்து இறங்கினார். 1709இல் வந்து சேர்ந்தவர் கிருண்ட்லர். 'கிருண்ட்' என்றால் தாழ்நிலம், பள்ளத்தாக்கு. ஆக, பள்ளத்து வீட்டுக்காரர். சீகன்பால்குவுக்குப் பின் வந்து சென்னையில் பணி செய்த பெஞ்சமின் ஷுல்ட்ஸெயின் பெயர் ஒரு பதவி. 'ஷுல்ட்ஹைஸ்' என்ற நீண்ட சொல் தேய்ந்து ஷுல்ட்ஸெ ஆயிற்று. கட்ட வேண்டியதைக் கட்டு என்று ஆணையிடுபவர் என்பது சொற்பொருள். கிராமத்து மணியகாரர் என்று வைத்துக்கொள்ளலாம். தஞ்சாவூர்க்காரர்கள் மறக்காத சுவார்ட்ஸ் ஐயரின் பெயர் 'கறுப்பு'. முன்னோரில் யாருக்கோ கருமுடியோ மாநிறமோ இருந்திருக்கும்.

தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புக்கு ஆயுளைக் கொடுத்த பப்ரிசியுஸின் பெயர் மட்டும் ஜெர்மன் ஒலியில் இல்லை. 'ஃபாபெர்' என்றால் லத்தீனில் கொல்லர். படித்த குடும்பங்கள் 'ஷ்மிட்' போன்ற சாதாரணப் பெயர்களை லத்தீனாக்கிக்கொள்வது அந்த நூற்றாண்டுகளின் வழக்கம். அப்படிக் கொல்லர் ஃபப்ரிசியுஸ் ஆனார். லூதரின் தோழர் ஒருவர் 'கரிசல் மண்' என்று பொருள்படும் தம் பெயரைக் கிரேக்கத்தில் மாற்றி மெலாங்தோன் ஆனார். சீகன்பால்கு இதைச் செய்யவில்லை என்பது எனக்குப் பெரிதாகப் படுகிறது. ஜெர்மனியின் ஹாலெ நகரில் 1716இல் அச்சான அவருடைய தமிழ் இலக்கணம் முழுக்க லத்தீன். தலைப்பைக்கூடக் 'கிராமத்திகா தமுலிகா' என்று லத்தீனில் வைத்தவர், அட்டையில் முதற்பெயருக்கு லத்தீன் விகுதி கொடுத்துவிட்டு, ட்ஸீகன்பல்க் என்பதை ஆடும் தோலுமாக அப்படியே விட்டார்.

அவர் மணந்த பெண்ணின் பெயர் மரியா டோரதேயா சால்ட்ஸ்மான். 'சால்ட்ஸ்' உப்பு, 'மான்' ஆள், உப்பு வணிகர். உரித்த தோல் கெடாமலிருக்க முதலில் தேய்ப்பது உப்பைத்தான். இந்த இரண்டு பெயர்களும் ஒரு வீட்டில் சேர்ந்ததை நினைக்கும்போதெல்லாம் மனசுக்கு இதமாக இருக்கும்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று. அவருடைய முதற்பெயர் பர்த்தலோமேயுஸ். அரமேய மொழியில் 'பர் தல்மாய்', தல்மாயின் மகன். இயேசுவின் பன்னிரு சீடரில் ஒருவர் பெயர் அது. அந்தச் சீடர் உயிரோடு தோலுரித்துக் கொல்லப்பட்டார் என்பது திருச்சபை மரபு. ஓவியங்களில் அவர் கையில் கத்தி இருக்கும். மைக்கேலாஞ்சலோ வத்திக்கானில் தீட்டிய இறுதித் தீர்ப்பில் தம் தோலையே கையில் தொங்கவிட்டபடி அமர்ந்திருப்பார். அதனால் ஐரோப்பாவில் தோல் பதனிடுபவர்கள் அவரைத் தங்கள் காவலராகக் கொண்டாடினார்கள். இந்தியாவுக்கு வந்தவர் என்றும் பழைய மரபு அவரைச் சொல்கிறது. தோல்காரர்களின் காவலர் பெயரும் தோலின் பெயரும் ஒருவருக்கே அமைந்து, அவர் 36ஆம் வயதில், 1719இல், தரங்கம்பாடியில் கண்மூடினார். புதிய எருசலேம் ஆலயத்தில் பீடத்தருகே அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்தே படிக்கலாம்.